முன்பல் போன வாயில் ‘லேஸோ’

இன்று பிரெஞ்சு வாய்மொழித் தேர்வுக்குப் போன இடத்தில் கத்தியக்காவைப் பார்த்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவர் அண்ணன் கடையில் ஆட்டுக்கறி வெட்டுபவர். கல்லாவில் அண்ணன், வெட்டுமரத்தில் இவர். பிரெஞ்சு பேசும் ஊரில் ஓர் இறைச்சித் தொழிற்சாலை இவரை எடுத்துக்கொள்ளத் தயார். இந்தத் தேர்வில் தேறினால் கிளம்பலாம். தேறாவிட்டால் திரும்பவும் அண்ணன் கடை, அண்ணன் கை. அந்தக் கை சும்மா இருக்கிற கை இல்லை.

நாங்கள் ஒரே பிரெஞ்சு வகுப்பு, கத்தியக்கா என்பது அங்கே வைத்த பேர். எல்லாம் வந்த அக்காவுக்கு ஒன்று மட்டும் வரவில்லை: சொல்லோடு சொல்லைச் சேர்ப்பது. பன்மைச் சொல்லுக்கு முன்னால் போடும் ‘லே’யைத் தனியாகச் சொன்னால் அதன் கடைசி எழுத்து ஊமை. பின்னால் எலும்பைக் குறிக்கும் ‘ஓ’ வந்து நின்றால் அந்த ஊமை வாய் திறந்து ‘லேஸோ’ என்கிறது. நாமும் ‘வேலை, இல்லை’ என்று நிறுத்தியா சொல்கிறோம், நடுவில் ஒரு ‘ய்’ தானாக வழுக்கிக்கொண்டு வருகிறதே! அக்காவோ ஒவ்வொரு சொல்லையும் வெட்டிவெட்டிப் போட்டார். வெட்டுமரத்தில் நின்று படித்ததுதான் காரணம். சொல்லுக்கு ஒரு வெட்டு, மறுபடி கத்தி மேலே.

அதைக் கண்டுபிடித்ததும் அவரேதான். பெரிய கத்தியை வைத்துவிட்டு எலும்பிலிருந்து சதை பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தார். அது எலும்பை விட்டு எழும்பாமல் ஒரே ஓட்டமாகப் போகும். கூடவே வாக்கியமும் ஓடியது. சேர்ப்பு வந்துவிட்டது.

போன வாரம் யாரோ வாடிக்கையாளர் அண்ணனிடம் அக்கா வெளிநாடு கிளம்பப் பார்க்கும் விஷயத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டார். அண்ணன் எடைக்கல்லைத் தூக்கித் தங்கையின் வாயிலேயே இறக்கினார். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கறியோடு கறியாக விழுந்தன. இரண்டாவது முறை ஓங்கியபோது அக்கா சின்னக் கத்தியால் அவர் சட்டைக் கையை வெட்டுமரத்தோடு குத்தி நிறுத்தினார்.

“அண்ணே, இப்ப துணி மட்டுந்தான். அடுத்த தடவ துணியோட நிக்காது.”

அன்றே ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் பல் போன இடத்தில் அந்த ‘ஸ’ வெறும் காற்றாகப் போனது. நாக்கைக் கீழ்ப்பற்களில் முட்டக்கொடுத்து வாரம் முழுக்கப் பழகினாராம். தையல் போட்ட உதடு ஒவ்வொரு முறையும் கசியும், துடைத்துவிட்டு மறுபடி சொல்வாராம்.

இன்று தேர்வு மையத்தின் வாசலில் அண்ணன் நின்றிருந்தார். நேராக வந்து அக்காவின் முடியைப் பிடித்துச் சுவரில் அறைந்தார். நானும் காவலாளியும் ஓடினோம். அதற்குள் அக்கா தலையைத் திருப்பி நெற்றியால் அவர் மூக்கில் ஒரே இடி. ஏதோ உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு வெட்ட மட்டுந்தான் தெரியும்னு நெனச்சான்,” என்று மூச்சு வாங்கினார் அக்கா. “வா தம்பி, நம்ம பேரக் கூப்பிடுறாங்க.”

எங்களை ஜோடியாகத்தான் உள்ளே அழைத்தார்கள். அக்காவின் சட்டையில் ரத்தம், அதில் யாருடையது எவ்வளவு என்று தெரியாது. தேர்வாளர் அம்மா பயந்துபோய், அடி பலமா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பிரெஞ்சில் கேட்டார். தேர்வு தொடங்கவே இல்லை, அதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார்.

“லேஸோ வோன் பியான்.”

எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அந்த அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மாலையில் முடிவு ஒட்டினார்கள்: அக்கா தேறிவிட்டார். நான்? அதை விடுங்கள்.

பயணம் வரும்வரை மீன் சந்தைக்குப் பின்னால் வாடகைக் கடையில் அக்கா கறி வெட்டுகிறார். அண்ணன் அங்கேயும் வரக்கூடும். அதனால்தான் கேட்கிறேன், ஆளாளுக்குப் போய் வாங்குங்கள். கடை முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்கட்டும்.