குரோமினே சாரின் நெஞ்சில் ஒட்டிய மைக்

குரோமினே சார் போய்விட்டார். டோக்கியோவில், நித்திரையிலேயே.

ஷூட்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தபோது நான் ரெயினில். இல்ஃபோர்ட்டில் இறங்க வேண்டியவள், குட்மேய்ஸ் வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்...

அறுபது வருடம் நடித்த மனிதர். முதலில் குதிரையில் இருந்து விழுகிற அடியாள், பிறகு வில்லன், பிறகு வில்லனுக்கு அப்பா. கடைசிப் படத்துக்குத்தான் லண்டன் வந்தார்.

நான் அதில் சவுண்ட் அசிஸ்டன்ட். காலையில் அவர் சட்டைக்குள், நெஞ்சோடு குட்டி மைக்கை ஒட்டுவது என் வேலை.

வீட்டில் சொன்னதும் அப்பா துள்ளினார். "எடி பிள்ளை, கொழும்பிலை இருக்கேக்கை இவற்றை வாள்ச்சண்டைப் படம் ஒண்டும் நான் விடேல்லை. குதிரையிலை இருந்து விழுந்தது உண்மையோ எண்டு கேள்!"

கேட்டேன். தோள் எலும்பைத் தொட்டுக் காட்டினார். "உண்மை. மழை பெய்தால் இன்னும் வலிக்கும்."

எந்நேரமும் மழை பெய்கிற லண்டனுக்கு வந்து இதைச் சொல்கிறார் மனுசன்!

பின்னேரம் மைக்கைக் கழற்றும்போது "ஓஃபா?" என்று கேட்பார். நான் ஓஃப் என்று சொன்ன பிறகுதான் டைரக்டரை ஜப்பான் மொழியில் திட்டத் தொடங்குவார்.

ஆனால் அந்த ஒரு நாள்...

வசனமே இல்லாத காட்சி. மகனுடைய போனுக்காக ஒரு கிழவர் கதிரையில் உட்கார்ந்து காத்திருக்கிறார், அவ்வளவுதான். செட்டில் ஒரு சத்தம் இல்லை.

அப்படியான நேரத்தில் என் ஹெட்ஃபோனில் அவருடைய இதயம் கேட்கும். அன்று அது ஓடியது. தடுமாறியது. நின்றது... திரும்பவும் ஓடியது.

முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. நடித்துக்கொண்டிருந்தார்.

கட் சொன்னதும், மைக்கைச் சரிசெய்கிற சாட்டில் கிட்டப் போனேன். "சார், நெஞ்சுக்குள் ஏதாவது செய்கிறதா?"

"உனக்குக் கேட்டுவிட்டதா?" என்றார், மெதுவாக. "இன்னும் ஒரு டேக். இப்போது தெரிந்தால் என்னை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். இது என் கடைசிப் படம்."

"ஏலாது சார்." வாயில் தமிழ்தான் வந்தது. திரும்பி நின்று, டொக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை... ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை கண்ணை எடுக்கவில்லை.

ஷூட்டிங் நின்றது. கிழமைக்கணக்கில். அந்த மனிதரின் கடைசிப் படத்தை நான்தான் கெடுத்தேனோ என்று வீட்டில் புலம்பினேன்.

"ஆள் உயிரோடை இருக்குதுதானே, பிறகென்ன?" என்றார் அப்பா.

"அவருக்கு அது காணாதப்பா," என்றேன்.

பிறகு ஒரு காலை. அதே செட், அதே கதிரை... அவர்!

எனக்குக் கிட்டப் போகப் பயம். அவரே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அந்தத் தோள் எலும்புக்குக் கீழே புதுத் தழும்பு. பேஸ்மேக்கர்.

சிரிக்கவில்லை. "ஒழுங்காக அடிக்கிறதா என்று நீயே கேட்டுச் சொல்."

ஹெட்ஃபோனைப் போட்டேன். கேட்டேன். "ஓம் சார்" என்றேன், அழுகையோடு.

அன்றைக்கு அந்தக் காட்சியை முடித்தோம். படமும் முடிந்தது. கடைசி நாள் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அவருடைய மைக்கை யார் கழற்றினார்களோ...

ஓஃப் சார். இனி ஒருத்தருக்கும் கேட்காது. ஆசை தீரத் திட்டுங்கோ.