பகல் கரண்டின் விலை

வெளிநாட்டுக்கு வந்து, சான்ட்ரிங்ஹாமில் நானும் என் மச்சாளும் தனியே இருந்த காலம் அது. மச்சாள் என் மனுசனின் மூத்த சகோதரி; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். மனுசன் காலமான பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பதென்று நாங்களாகவே முடிவெடுத்துக்கொண்டோம். பக்கத்து ஊரான எப்சத்தில் இருந்த என் மகன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். வாடகை வீடுதான், ஆனாலும் பில் எல்லாம் என் பெயரில் வரும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இங்கிலிசில் என் பெயரையும் எண்களையும் தவிர வேறொன்றும் வாசிக்கத் தெரியாது. என் பெயர் போட்ட உறை தபாலில் வந்தால் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டுதான் பிரிப்பேன்.

தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில் அங்கே புதிதாக ஒரு வழக்கம் வந்தது. அதுவரை எங்கள் பக்கத்துக்கு ஒரு கம்பனிதான் கரண்ட் தந்தது. இனி விரும்பிய கம்பனியிடம் வாங்கலாம், கம்பி அதே கம்பிதான், பில் அனுப்புகிறவர்தான் மாறுவார் என்றார்கள். கோயிலிலும் இதே கதை, மரக்கறிக் கடையிலும் இதே கதை.

"கத்தரிக்காய் மாதிரி கரண்டையும் விலை கேட்டு வாங்கலாமாம்," என்று மச்சாள் சிரித்தார்.

குளிர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். கழுத்தில் டை, கையில் நனைந்த குடை, நாற்பது வயது இருக்கும். இங்கிலிசில் ஏதோ தொடங்கினார். நான் மச்சாளைக் கூப்பிட்ட சத்தத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, நீங்க தமிழுங்களா? நான் கோயம்புத்தூருங்க."

பிறகு அவரை வாசலில் நிற்க வைக்க முடியுமா? உள்ளே இருத்தி, விடியச் சமைத்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் சூடாக்கிக் கொடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். ஊரில் மின்சார இலாகாவில் இஞ்சினியராக இருந்தவராம். இங்கே அந்தப் படிப்புக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. புதிய கம்பனி ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கிறார். கேட்க எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து கடதாசிகளை மேசையில் பரப்பினார்.

"எங்க கம்பனியில ராத்திரி பதினொண்ணுல இருந்து காலைல ஏழு வரைக்கும் யூனிட் ரொம்ப மலிவுங்க. பகல்ல மட்டும் விலை கொஞ்சம் ஜாஸ்தி. நீங்க சமையல் எப்பங்கம்மா செய்வீங்க?"

"நான் விடிய நாலு மணிக்கு எழும்பிற ஆள், தம்பி. ஏழு மணிக்கிடையில சமையல் முடிஞ்சிடும், குளிப்பு முடிஞ்சிடும், உடுப்பும் தோய்ச்சுப்போடுவன்."

"அப்ப இது உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்குதுங்க. பகல்ல பெருசா ஏதாவது ஓடுமுங்களா?"

"பகல்ல எங்கட வீட்டில ஒண்டும் ஓடாது," என்றேன். மற்ற வீடுகளில் பெண்கள் எட்டு மணிக்குத்தான் எழும்புகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்காமலே சொன்னேன்.

மச்சாள் எதிர்க் கதிரையில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஆட்களில், வந்த மனுசருக்கு முன்னால் வீட்டுக்காரி சொன்னதை இன்னொரு பெண் மறுத்துக் கதைக்க மாட்டாள். அது தெரிந்தும் நான் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டிய இடத்தில் தமிழில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு ஆள் வந்து மீற்றரை மாற்றிவிட்டுப் போனார்.

அந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம்; அந்த மாதம் குளிர் தொடங்கியது. மச்சாளுக்கு வருசா வருசம் வருகிற இழுப்பும் வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். அறையை இரவு பகலாகச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் முந்தியே சொல்லியிருந்தார். அலுமாரிக்குள் இருந்த எண்ணெய் ஹீற்றரை இழுத்து அவர் அறையில் வைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பில் வந்தபோதுதான் உறைத்தது. முன்பு வந்ததைவிடப் பெரிய எண். எண் மட்டும்தான் எனக்கு வாசிக்கத் தெரியும், அதனால் அது நன்றாகவே தெரிந்தது. பில்லை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தேன். மச்சாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. ஆர் உங்களை மாத்தச் சொன்னது என்று அவன் ஒரு சொல் கேட்டால் என்னால் தாங்க முடியாது.

அந்த நாட்களில் மச்சாளின் இருமல் குறையவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்து அவர் அறைக்குள் போனேன். ஹீற்றரில் சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அறை குளிர்ந்து கிடந்தது. ஹீற்றரில் கை வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் போல இருந்தது. நான் கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அதைப் போட்டிருக்கிறார்! அவரோ இரண்டு சுவெற்றருக்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"எனக்குச் சூடு ஒத்துக்கொள்ளுதில்லை, மச்சாள்."

"பொய் சொல்லாதேங்கோ."

அவர் போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டு இருந்தார். "பில் வந்த அண்டைக்கு உம்மட முகத்தைப் பாத்தனான். பகல் கரண்ட் விலை கூட எண்டு அந்தாள் சொன்னது எனக்கும் கேட்டதுதானே."

"அப்ப அண்டைக்கே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"எப்ப சொல்லுறது? அந்த மனுசனுக்கு முன்னால நீர் அவ்வளவு பெருமையாக் கதைச்சுக்கொண்டிருக்கிறீர். நான் இடையில பூந்து, என்ர நெஞ்சுக்கு ஹீற்றர் வேணுமெண்டு சொல்லுறதோ?"

 அவரை என் வீட்டில் இருக்கிறவர் என்று நினைத்தேனே தவிர, அந்த வீடு அவருடையதும்தான் என்று நினைத்துக் கணக்குச் சொல்லவில்லை. சமையலைச் சொன்னேன், குளிப்பைச் சொன்னேன், என் நாலு மணியைச் சொன்னேன். எல்லாம் என்னுடையது.

அந்தத் தம்பி தந்துவிட்டுப் போன அட்டையைத் தேடி எடுத்து, எண் எண்ணாகப் பார்த்து ரெலிபோன் அடித்தேன்.

"தம்பி, நான் உமக்கு ஒரு பிழையான கதை சொல்லிப்போட்டன்," என்றேன். எனக்கு அதைச் சொல்வது லேசாக இருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வந்தார். இந்த முறை டை இல்லை. மீற்றர்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். உள்ளே போய் ஹீற்றரைப் போட்டுவிட்டு வந்தார். மீற்றருக்குள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த தட்டு விறுவிறு என்று சுற்றத் தொடங்கியது.

"பாத்தீங்களாம்மா? பகல் பூரா இது ஓடுச்சுன்னா, நீங்க காலைல மிச்சம் புடிக்கிறதெல்லாம் இதுலயே போயிருமுங்க. இரவு பகல் ஒரே விலைன்னு இருக்கிறதுதான் உங்களுக்குச் சரி. உங்க பழைய கம்பனியில அது இருக்குது. திரும்ப அங்கயே போயிருங்க."

"உங்கட கம்பனி உம்மை ஏசாதோ?"

"திட்டுவாங்க. இந்த வீட்டுக்குக் குடுத்த கமிஷனையும் புடிச்சுக்குவாங்க. பரவால்லைங்க. ஊர்ல எத்தனையோ கிராமத்துக்கு லைன் இழுத்தவன், இங்க ஒரு வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேக்காம கையெழுத்து வாங்கிட்டேன்."

"நீர் கேட்டனீர். நான்தான் சரியாச் சொல்லேல்லை."

"உங்களைத்தானுங்க கேட்டேன். அந்த அம்மாவைக் கேக்கல."

எங்கள் ரெலிபோனிலேயே பழைய கம்பனியைக் கூப்பிட்டு இங்கிலிசில் கதைத்தார். பிறகு றிசீவரை என்னிடம் நீட்டினார். "அவங்க கேட்டா 'எஸ்'னு சொல்லுங்கம்மா, போதும்."

"என்ன கேக்கினம் எண்டதை முதல் எனக்குத் தமிழில சொல்லும். நான் யோசிக்காமல் ஒருக்கா ஓமெண்டு சொன்னது போதும்."

அவர் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். மச்சாளையும் பக்கத்தில் கூப்பிட்டு இருத்திக் கேட்க வைத்தேன். அதன் பிறகுதான் 'எஸ்' சொன்னேன்.

ஆனால் மாறுவதற்கு இன்னும் சில கிழமை செல்லும் என்றார்கள். அடுத்த முறை மீற்றர் பார்க்க ஆள் வர வேண்டுமாம். அதைக் கேட்டதும் மச்சாள், "அப்ப அதுவரைக்கும் நான் பொறுத்திருக்கிறன்," என்று சொல்லிவிட்டுப் போய் ஹீற்றரை நிற்பாட்டிவிட்டார். நான் போட்டேன். அவர் நிற்பாட்டினார். அன்று முழுக்க இதே வேலை. என்னைவிட ஏழு வயது மூத்தவர், கையைப் பிடித்து இழுக்கவா முடியும்?

அடுத்த நாள் சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குசினிக்குள் போனேன். நாலு கரண்ட் அடுப்பையும் முழுச் சூட்டில் வைத்து, நாலிலும் வெறும் தண்ணீர் வைத்தேன். கேத்திலையும் போட்டேன். ஆவி ஜன்னலெல்லாம் மூடியது. மூடிகள் அடிக்கிற சத்தம் கேட்டு மச்சாள் இருமிக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"மச்சாள், உமக்கென்ன விசரே? என்ன சமைக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. சுடுதண்ணி."

"பகல் எல்லே!"

"பகல்தான். எனக்கும் தெரியும்."

"நிப்பாட்டும், சொல்லுறன்."

"நீங்கள் அங்க போடுங்கோ, நான் இஞ்ச நிப்பாட்டுறன்."

"முதல் நீர் நிப்பாட்டும்."

"முதல் நீங்கள்."

அவர் என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "என்ர தம்பி பாவம், உம்மோட எப்பிடிக் காலம் தள்ளினானோ," என்று முணுமுணுத்துக்கொண்டு அறைக்குப் போனார். சுவிற்ச் விழுகிற சத்தம் கேட்டது. நான் மூன்று அடுப்பை நிற்பாட்டினேன். நாலாவதில் தேத்தண்ணி வைத்து இரண்டு கோப்பையோடு அவர் அறைக்குப் போய், சூடு வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். மாறும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் பகலில் அங்கேதான் இருந்தேன். மரக்கறியும் அங்கேயே இருந்துதான் வெட்டினேன்.

பெரிய பில்லாக இன்னுமொன்று வந்தது. மகன் வந்த நாளில் இரண்டு பில்லையும் நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"யோசிக்காமல் கம்பனி மாத்தினது நான்தான்," என்றேன்.

அவன் வாய் திறப்பதற்குள் உள்ளே இருந்து மச்சாளின் குரல் வந்தது. "அவவை ஒண்டும் சொல்லாதை. கரண்டை எரிச்சது நான்."

"எரிச்சது பிழையில்லை," என்று நானும் சத்தமாகச் சொன்னேன்.

பில்லை நான்தான் கட்டினேன்.