துண்டு போடாத மாஸ்டர்

கப்பலில் வந்த சரக்கு இறங்குவதற்கு முன்பே செய்தி ஊருக்குள் இறங்கிவிட்டது. கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த நல்லதம்பியின் மகன் சுரேந்திரனுக்கு நாயப் தாசில்தார், அதாவது துணைத் தாசில்தார் வேலை கிடைத்துவிட்டது. செய்தியைப் பரப்பியது வேறு யாருமல்ல, நல்லதம்பியேதான். ஆர்டர் வந்த கவரை வாங்கிய கையோடு கப்பல் ஜெட்டியில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லி, கேட்காதவர்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லி, வீடு வந்து சேர்வதற்குள் நாயப் என்ற சொல்லை வழியிலேயே உதிர்த்துவிட்டு மகனை முழுத் தாசில்தாராகவே ஆக்கியிருந்தார்.

அவர் பெருமைப்பட்டதில் குற்றமில்லை. இலங்கையில் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவர். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் குடும்பம் அடைந்து கிடக்கும் லயன் வீடு. பதினாறு வயதில் தாயகம் திரும்பியவர்களோடு கப்பலேறி, மண்டபம், மெட்ராஸ் வழியாக இங்கே வந்து, முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால்வெட்டினார். இங்கேயும் முதலில் கிடைத்தது அதே மாதிரி வரிசை வீடுதான். சுனாமிக்குப் பிறகு மேட்டில் கட்டிக் கொடுத்த வீடுதான் அவர் வாழ்வில் நாலு பக்கமும் வெளிச்சம் பார்த்த முதல் வீடு. ஒரு சர்டிபிகேட் வேண்டுமென்றாலும் மனுவைப் பிடித்துக்கொண்டு தாசில் ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நின்று பழகியவர். அந்த ஆபீஸ் நாற்காலியில் தன் வீட்டு ஆள் ஒருத்தன் உட்கார வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை.

சுரேந்திரன் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. போர்ட் பிளேரில் கணிதம் படித்து, பி.எட். முடித்து, தான் படித்த பள்ளிக்கே கணக்கு மாஸ்டராக வந்து நாலு வருஷம் ஆகிறது. அப்பாவுக்காகத்தான் பரீட்சை எழுதினான் என்று சொன்னால் அது பாதி உண்மை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார அவனுக்கும் ஆசைதான். ஆனால் சாக்பீஸைக் கீழே வைக்கவும் மனசு வரவில்லை. ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும். பத்து நாள் இப்படியே போய்விட்டது.

கடைசியில் போர்ட் பிளேரில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருக்கும், தெரிந்தவரான உமா மகேஸ்வரி அக்காவுக்குப் போன் போட்டான். அவர் கல்வித்துறையில் சூப்பரின்டென்டென்ட். சர்வீஸ் விதியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

“பாகல், பைத்தியம் மாதிரி ரிசைன் பண்ணிடாதீங்க தம்பி. லியன்ல வெச்சிட்டுப் போங்க. ரெண்டு வருஷத்துக்கு இந்த வேலை உங்க பேர்லயே இருக்கும். அங்க புடிக்கலேன்னா திரும்பி வந்து ஜாயின் பண்ணிக்கலாம்.”

சுரேந்திரனுக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. சாயங்காலம் டீ குடிக்கும்போது, ரெண்டு வருஷத்துக்கு லியனில் இருக்கப் போவதாக அப்பாவிடம் சொன்னான்.

நல்லதம்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“லயன்லயா?”

“ஆமாம்பா, ரெண்டு வருஷம்தான்.”

“லயத்துலேருந்து ஒன்ன வெளிய கொண்டாரத்தானடா நான் பால் வெட்டுனேன். தாசில்தாருக்குமா லயன் குடுக்குறானுங்க?”

அம்மா நீலாவதியின் கவலை இன்னொரு பக்கம் ஓடியது. “கக்கூஸாவது தனியா இருக்குமாடா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் விளக்கினான். இது வீடு இல்லை, ஒரு விதி. ஆள் போனாலும் வேலை அவன் பேரிலேயே காத்திருக்கும். நல்லதம்பி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். தனக்குத் தெரிந்த ஒன்றில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் எதுவும் அவருக்கு விளங்கும்.

“கப்பல்ல படுக்குற பங்க் மேல துண்டப் போட்டுட்டு ஆளு எங்கேயோ போயிர்றானே, அதுவா?”

“கிட்டத்தட்ட அதுதான்பா.”

“அதுவரைக்கும் அந்த எடத்துல யாரு உக்காருவா?”

அந்தக் கேள்வியை அவன் உமா அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மறுபடியும் போன் போட்டான். போஸ்ட் உங்கள் பேரில் இருக்கும்போது புதிதாக யாரைப் போடுவார்கள் தம்பி, இருக்கிற யாராவது சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் என்றார் அவர்.

போனை வைத்ததும் சுரேந்திரனுக்குத் தன் பள்ளி நாள் ஞாபகம் வந்தது. அவன் ஒன்பதாவதும் பத்தாவதும் படித்தபோது பள்ளியில் கணக்குக்கு ஆள் இல்லை. முன்பிருந்த மாஸ்டர் வேறு வேலைக்குப் போயிருந்தார், வருவார் வருவார் என்றார்கள். சரித்திரப் பாடம் எடுத்தவர் பாவம், கைடைத் திறந்து வைத்துக்கொண்டு விடையைப் போர்டில் எழுதிப் போடுவார். பரீட்சை எழுதிய இருபத்து மூன்று பேரில் பதினேழு பேர் கணக்கில் பெயிலானார்கள். சுரேந்திரன் முப்பத்தெட்டு வாங்கித் தப்பினான். அந்த ரோஷத்தில்தான் கல்லூரியில் கணக்கையே எடுத்தான். அந்த இரண்டு வருஷத்துக்கு ஆபீசில் லியன் என்றொரு பேர் உண்டு என்று இன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

விஷயத்தைக் கேட்ட நல்லதம்பி, தாசில்தார் ஆகு என்றும் சொல்லவில்லை, மாஸ்டராகவே இரு என்றும் சொல்லவில்லை.

“ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு. துண்ட மட்டும் போடாத. மண்டபத்துக்கும் மெட்ராசுக்கும் இங்கைக்கும் அடுத்தவன் துண்டப் பாத்து நின்னுக்கிட்டே வந்தவன்டா நான்.”

ஆக, வழி இரண்டுதான். ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரேயடியாகப் போக வேண்டும், இல்லை இங்கேயே இருக்க வேண்டும். ராஜினாமாவை எழுதினால் புது ஆள் வருவார், பிள்ளைகளுக்கும் குறை இல்லை. அப்படியே துணிந்து எழுதி, தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மறுநாள் பத்தாம் வகுப்புக்குப் போனான்.

போர்டில் ஒரு இருபடிச் சமன்பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். நினைப்பு எங்கேயோ இருந்தது. முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. ஜெட்டிப் பக்கம் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பாரின் மகள் அப்ஸானா.

“சார், மூணாவது ஸ்டெப் கலத். தப்பா இருக்கு.”

அவன் திரும்பிப் பார்த்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வகுப்பு முழுக்கக் குனிந்து அந்த மூன்றாவது வரியைத் தங்கள் நோட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. “ஆமா சார், மைனஸ் வரணும்” என்று இன்னும் நாலைந்து குரல் எழுந்தது. அவள் சொன்னது சரி. போர்டில் மாஸ்டர் தப்பாகப் போட்டாலும் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போன வகுப்பு அவனுடையது. இவர்களுக்குத் தப்பைப் பிடிக்கத் தெரிகிறது. பிடித்ததைச் சொல்லவும் தெரிகிறது. நாலு வருஷத்தில் இதைத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தாசில் ஆபீஸ் மேஜையும் நாற்காலியும் மனசிலிருந்து எப்படி விலகின என்று பிறகு யோசித்தும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மைனஸைப் போட்டுவிட்டு மீதிக் கணக்கை முடித்தான்.

வீட்டுக்கு வந்து, ராஜினாமாவை விட்டுவிட்டு, தாசில்தார் வேலை கொடுத்தவர்களுக்கு வேறு கடிதம் எழுதினான். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னார் நல்லதம்பி. மகன் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று முதல் வரியிலேயே புரிந்து, முகம் ஒரு கணம் வாடியது. ஆனாலும் மேலே படி என்று கையைக் காட்டினார்.

“‘தாங்கள் அளித்த பதவியில் சேர இயலாததற்கு வருந்துகிறேன்.’”

“இரு. எதுக்கு வருத்தம்?”

“அது ஒரு மரியாதப்பா. ஆபீஸ் லெட்டர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

“ஒனக்கு வருத்தமா இருக்கா?”

சுரேந்திரன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். “இல்லப்பா.”

“எனக்குக் கொஞ்சம் இருக்கு. ஆனா கடுதாசி ஒன்னோடது. அத எடுத்துடு.”

அவன் புதுத் தாளில் எழுதினான். பதவியை நான் ஏற்கவில்லை. கட்சால் பள்ளியில் கணித ஆசிரியராகத் தொடர்கிறேன். இரண்டே வரி, கீழே கையெழுத்து.

அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார் நல்லதம்பி. அரசாங்கம் கூப்பிட்டும் நான் வரவில்லை என்று எழுதிய ஆள் அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் இல்லை. மூன்றாவது தடவைக்கு அடுப்படியிலிருந்து நீலாவதியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.