லைட்டுக்கு முளைச்ச முள்ளு

பேர் சொல்லாம ஒரு ஆளைப் பத்திப் பேசுறது எனக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து வீட்டுக்காரரை 'என்னாங்க', 'இந்தாங்க', 'அவங்க'ன்னே ஓட்டியாச்சு. ஆஸ்பத்திரி கவுண்டர்ல கணவர் பேர் என்னன்னு கேட்டப்பக்கூட அவரோட ஐசியை, அதான் அடையாளக் கார்டை, தூக்கி நீட்டினேனே தவிர வாயைத் திறக்கல. அதனால இங்கயும் அவர் வெறும் 'அவர்'தான்.

அவர் காய்கறி லோரி ஓட்டுறவர். திரிங்காப்ல கோஸும் தக்காளியும் ஏத்திக்கிட்டு, ரிங்லெட் வழியா மலையடிவாரத்துல இருக்கிற தாப்பாவுக்கு இறங்கி, மறுநாள் சாயந்திரம் காலி லோரியோட மலை ஏறி வருவார். நான் எங்க எஸ்டேட்ல, தேயிலையைப் பாக்க வர்ற டூரிஸ்டுங்களுக்கு டீ ஊத்துற கவுண்டர்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல சண்டே ஸ்கூல் டீச்சர்.

எங்க மலையில எது நடந்தாலும் பழி பனி மேலதான். துணி காயலையா, பனி. பஸ் வரலையா, பனி. அவரும் அதே பாட்டைத்தான் ரெண்டு வருஷமா பாடிக்கிட்டிருந்தார். "இந்த வருஷம் பனி ரொம்ப ஜாஸ்தி லா." பேப்பர்ல எழுத்து தெரியலன்னா, வீட்டுக்குள்ள பனி பூந்துடுச்சுன்னு எழுந்து போய் சன்னலைச் சாத்துவார். கேமரன் மலையில பொறந்து வளர்ந்தவ எவளும் அதைச் சந்தேகப்பட மாட்டா. நானும் கூடவே போய் இன்னொரு சன்னலைச் சாத்திட்டு வந்தேன்.

அதே ரெண்டு வருஷமா இன்னொரு பிடிவாதமும் இருந்துச்சு. எஸ்டேட்டுல வரிசையா கட்டியிருக்கிற லைன் வீட்டுல, எங்க சமையக்கட்டுக்கு வெளிய, ரோட்டைப் பாத்த மாதிரி ஒரு குண்டு பல்பு தொங்குது. அது சாயந்திரம் அஞ்சு மணிக்கே எரிஞ்சாகணும். "பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு? கரண்ட் உங்க மாமனா தர்றான்?"ன்னு நான் அணைப்பேன். லோரியை விட்டு இறங்கினதும் அதுக்குத்தான் முதல் சண்டை. வயசாக ஆக ஆம்பளைங்களுக்குக் கிறுக்குப் பிடிக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம், மறுநாள் பிள்ளைங்களுக்குச் சிருஷ்டிப்பு பாடம் எடுக்க விண்வெளி டெலஸ்கோப் படங்களை எடுத்து வச்சிருந்தேன். எனக்கு அந்தப் படம்னா உசுரு. கோலாலம்பூர்ல இருக்கிற மகன் போனை டிவியில மாட்டக் கத்துக் கொடுத்துட்டுப் போயிருந்தான். சரி, வீட்டுல ஒரு மாணவர் சும்மாத்தானே உட்கார்ந்திருக்கார், ஒத்திகை பாத்துடலாம்னு ஆரம்பிச்சேன்.

"நிலாவையும் தாண்டி ரொம்ப தூரத்துல ஒரு டெலஸ்கோப் மிதக்குதுங்க. தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கண்ணாடியா சேத்து, தங்கம் பூசியிருக்காங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெப்ப வெளிச்சத்தை அது பாக்கும். அதனால தூசி மூட்டத்துக்குள்ள பொறக்குற குட்டி நட்சத்திரம்கூட அதுக்குத் தெரியும்."

"மூட்டத்துக்குள்ள தெரியுமா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அதைக் கழட்டி என் லோரி முன்னால கட்டலாமே."

"சும்மா கேளுங்க. தூரத்துல ஒரு கிரகம் அதோட நட்சத்திரத்துக்குக் குறுக்க போறப்ப, அந்தக் கிரகத்தைச் சுத்தி இருக்கிற காத்து வழியா கொஞ்சூண்டு வெளிச்சம் நுழைஞ்சு வரும். அதை வச்சே அங்க என்ன வாயு இருக்கு, நீராவி இருக்கான்னு கண்டுபிடிச்சிடுறாங்க."

"நீராவின்னா பனி. அங்கயும் பனியா! ஐயோ பாவம், அங்க எவன் லோரி ஓட்டுறானோ."

"இதோ, இந்த மங்கல் புள்ளியெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் கோடி கோடியா வெள்ளி."

எங்க ஊர்ல ரிங்கிட்டும் வெள்ளிதான், வானத்துல மின்னுறதும் வெள்ளிதான். மனுஷர் விடுவாரா? "கோடி வெள்ளியா? அதுல ஒரு ஜோடி டயருக்கு மட்டும் அனுப்பச் சொல்லு."

அடுத்த படத்துக்குப் போனேன். நடுவுல ஒரு பெரிய நட்சத்திரம், சுத்திலும் நீள நீளமா முள்ளு விட்டுக்கிட்டு நின்னுது. "இந்த முள்ளு நிஜத்துல கிடையாதுங்க. கண்ணாடிக்கு மூலை இருக்குல்ல, அதாலயும் அதுக்கு முன்னால நிக்கிற கம்பியாலயும் படத்துல வர்றது. நட்சத்திரம் வெறும் புள்ளிதான். இது கருவி பண்ற வேலை."

அவர் சிரிச்ச சிரிப்புல பூனை எழுந்து ஓடிருச்சு. "படிச்சவ பேசுற பேச்சா இது? லைட்டுன்னா முள்ளு இல்லாம இருக்குமா? எதிர்ல வர்ற கார் லைட்டுக்கு முள்ளு இருக்கு. பிரிஞ்சாங் டவுன்ல தெரு விளக்குக்கு இருக்கு. பூத்தோட்டக் கூடாரத்துல பல்பு போடுறானுங்களே, அதுல ஒவ்வொண்ணுக்கும் இருக்கு. இதைப் பாக்க நிலாவைத் தாண்டிப் போகணுமா?"

நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரல.

"என்னாங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

வாசல்ல நின்னோம். ஆண்டவர் சாட்சியா சொல்றேன், அன்னிக்கு மாதிரி வானம் வெளுத்துக் கிடந்த சாயந்திரம் அந்த மாசத்துலயே இல்ல. எதிர் மலைத் தேயிலை வகிடு எடுத்துச் சீவின தலை மாதிரி வரிசை வரிசையா தெரிஞ்சுது. நடுவுல யாரோ சிவப்புக் குடையோட இறங்கிப் போறது வரைக்கும் தெரிஞ்சுது.

"எதிர் மலை தெரியுதா?"

"இந்தப் பனியில எங்க தெரியும்?" சர்வசாதாரணமா சொன்னார்.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவுல ஒண்ணரை லோரி போற ரோடு, கீழ ரிங்லெட் ஏரி. அந்த வளைவுல எல்லாம் இந்த மனுஷன் ரெண்டு வருஷமா குத்துமதிப்பா ஸ்டீரிங்கைத் திருப்பியிருக்கார். பயத்துல எனக்குக் கோபம்தான் வரும். அவரை உட்கார வச்சுட்டு, லோரி சாவியைக் கொண்டு போய் அரிசி டின்னுல அடி வரைக்கும் புதைச்சேன். லோரி முதலாளிக்குப் போன் போட்டு, அவருக்குக் காய்ச்சல், வேற லோரியை அனுப்பிக்குங்கன்னு சொல்லிட்டேன்.

அன்னிக்கு நடந்த சண்டை லைனுக்கே கேட்டிருக்கும். "எனக்குக் கண்ணு நல்லா இருக்கு! சாவியை எடு!"

"கண்ணு நல்லா இருந்தா நீங்களே தேடி எடுத்துக்குங்க!"

தேடினார். அலமாரி, மேசை, பைபிளுக்குப் பின்னால. கடைசியில கட்டில்ல உட்கார்ந்துட்டார். குரல் இறங்கிருச்சு. "டாக்டர் கண்ணைப் பாத்தான்னா லைசென்ஸ் போயிரும். லோரி இல்லாட்டி நான் யாரு, சொல்லு. காலையில எழுந்து எங்க போவேன்?"

அப்பதான் புரிஞ்சுது. பாதிக்கு மேல அவருக்கே தெரிஞ்சிருக்கு. பனி பனின்னு என்கிட்ட மட்டும் சொல்லல, அவருக்கு அவரே சொல்லிக்கிட்டிருந்திருக்கார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா சாவியை மட்டும் எடுத்துக் கொடுக்கல.

அப்புறம் எங்களுக்குள்ள பேச்சு கிடையாது. எல்லாம் பூனை மூலமாத்தான்.

"பூனையே, டீ ஆறுது, குடிக்கச் சொல்லு."

"பூனையே, சாவி வந்தாத்தான் டீ இறங்கும்னு சொல்லு."

அந்தப் பூனைக்கு எங்க கல்யாணத்தைப் பத்தி என்ன அபிப்பிராயம் இருந்துச்சோ, அது பாட்டுக்கு நக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. ஒரு சாயந்திரம் அதைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். "பூனையே, கேட்டுக்க. இந்த டெலஸ்கோப்புக்கு முன்னாடி ஒரு பழைய டெலஸ்கோப் போச்சு. மேல போய்ச் சேந்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அதோட கண்ணாடியைத் தப்பா இழைச்சுட்டாங்கன்னு. எடுத்த படமெல்லாம் மங்கல். தூக்கியா போட்டாங்க? ஆளுங்க மேலயே ஏறிப் போய், பார்வையைத் திருத்துற கண்ணாடியை அதுக்குள்ள வச்சுட்டு வந்தாங்க."

அவர் சுவத்தைப் பாத்துக்கிட்டே கேட்டார். "பூனையே, சரி பண்ணினதுக்கு அப்புறம் அதுக்குப் பழைய வேலையையே குடுத்தாங்களான்னு கேளு."

"அதே வேலைதான்னு சொல்லு பூனையே. முன்னைவிட நல்லா செஞ்சுதாம்."

"அதுக்குத் துணையா ஆள் போச்சு. எனக்கு யார் வருவா?"

"நான் வராம இந்தப் பூனையா வரும்?" பூனையை விட்டுட்டு நேராவே கத்திட்டேன். அதோட ராசி ஆயிட்டோம்.

ஈப்போவுல டாக்டர் பாத்துட்டு, ரெண்டு கண்ணுலயும் புரை முத்திக் கிடக்குதுன்னார். ஒரு கண்ணுல முதல்ல ஆப்பரேஷன் பண்ணினாங்க. கட்டுப் பிரிச்சு வாடகைக் கார்ல மலை ஏறி வர்றோம். பாதி தூரம் வந்ததும் அவர் என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் நெளிஞ்சுது. "போச்சு! கண்ணு போச்சு! எல்லாம் வெள்ளையா இருக்கு!"

"அலாமா! சும்மா இருங்க, இது நிஜப் பனி!"

டிரைவர் சிரிச்சதுல காரையே ஓரமா நிறுத்த வேண்டியதாப் போச்சு.

இன்னொரு கண்ணும் முடிஞ்சு தேறி வந்தப்புறம், அதே படத்தைப் போடச் சொன்னார். நான் மங்கல் புள்ளின்னு சொன்னதெல்லாம் இப்பத்தான் அவருக்குக் கண்ணுல பட்டுது. "ஏ, இதெல்லாம் சுருள் சுருளா இருக்கே! முறுக்கு பிழிஞ்ச மாதிரி!" டிவி கிட்டக்க போய் ஒவ்வொண்ணா விரலை வச்சுப் பாத்தார். அப்புறம் அந்த முள்ளு வச்ச நட்சத்திரத்துக்கு வந்தார். "பாவம், இதுக்கு இன்னும் புரை இருக்கு. ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போ."

டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் கொடுத்தார். அரிசி டின்னைக் கவுத்து நானே சாவியை எடுத்துக் கொடுத்தேன். முதல் நடைக்குப் போயிட்டு மறுநாள் சாயந்திரம் திரும்பி வந்தார். லோரி சத்தம் நின்னுது, ஆள் உள்ள வரல. எட்டிப் பாத்தா, சமையக்கட்டுக்கு வெளிய அந்தக் குண்டு பல்பை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறார்.

"என்னாங்க?"

"இதுவா அது?"

"எது?"

"கியா பார்ம் தாண்டி இந்த வளைவுக்கு வந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாது. ரோடு, மலை, எதுவும் கிடையாது. இந்த ஒரு லைட்டு மட்டும் முள்ளு விட்டுக்கிட்டு அவ்ளோ பெருசா நிக்கும். இதைப் பாத்துத்தான் வளைப்பேன்." கையை நீட்டி பல்பைத் தொட்டுப் பாத்தார். "இவ்ளோண்டு பல்பா இது?"

எத்தனை சாயந்திரம் கரண்ட் வீண்னு சொல்லி நான் அதை அணைச்சிருக்கேன்!

"இனிமே எதுக்கு இது, பகல்ல எரிஞ்சுக்கிட்டு"ன்னு சொல்லி சுவிட்சை அணைச்சுட்டுக் குளிக்கப் போயிட்டார்.

நான் போய் மறுபடியும் போட்டுட்டு வந்தேன்.