என் கொரல்லயே பேசுச்சு

எனக்கு இந்தப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கையே கெடையாது, மொதல்லயே சொல்லிருதேன். வேதக்கார வீட்டுல பொறந்தவதான், ஞாயித்துக்கெழம தவறாம சபைக்குப் போறவதான், ஆனா பாஸ்டர் பிரசங்கத்துல சத்துரு, போராட்டம்னு சத்தம் போட்டுச் சொல்லும்போதெல்லாம் அது தலைய விரிச்சிப்போட்டு ஆடுறவகளுக்குச் சொல்றதுன்னு நெனச்சிக்கிட்டு, மத்தியானம் என்ன கொழம்பு வைக்கன்னு யோசிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். நமக்கு எதுக்கு பிசாசு வருது, நாமதான் ஒழுங்கா இருக்கமேன்னு ஒரு இது. இப்ப சொல்லப்போறத நம்புனா நம்புங்க, இல்லாட்டி சிரிச்சிட்டுப் போங்க. பட்டப்பகல்ல நடந்தது. என் கைய வேணா பாத்துக்கோங்க, இந்தத் தழும்பு அன்னைக்கி வந்ததுதான்.

சுனாமி வந்ததுக்கு அடுத்த வருசம். நாங்க எம். புதுப்பட்டியில இருந்தோம். காலைல கம்பெனி வேன் வரும், ஏறுனா நாரணாபுரம் பக்கத்துல ஒரு பட்டாசுக் கம்பெனி, பேரு வேண்டாம், இப்ப அது இல்லவும் இல்ல. நான் தரைச்சக்கரம் சுத்துற செட்டுல இருந்தேன். வீட்டுக்காரருக்கு சிவகாசியில அச்சாபீஸ் வேல. எங்களுக்குக் கல்யாணமாகி பதினோரு வருசம், புள்ள இல்ல. அவுக ஒருநாளும் ஒரு வார்த்த சொன்னதில்ல, ஆனா யாரு வீட்டுல தொட்டில் கட்டுனாலும் அன்னைக்கி அவுக சாப்பிடாமப் படுத்துருவாக, அது போதாதா.

அப்பத்தான் முத்துமாரி வேலைக்கி வந்தா. மருந்து செலுத்துற ரூம்ல, அதாவது பூச்சட்டிக்கு உள்ள மருந்து அடைக்கிற எடம். அவளுக்கும் ஆறு வருசமாப் புள்ள இல்ல, மாமியா பேசுற பேச்சு சகிக்காம வேன்ல என் பக்கத்துல உக்காந்து முந்தானைய வாயில வச்சி அழுவா. எனக்கு அவளப் பாத்தா என்னையப் பாக்குற மாதிரி இருக்கும். நாந்தான் ஒருநாளு, "ஏ புள்ள, எங்க சபைக்கு ஒருதடவ வந்து பாரு"ன்னு கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனேன். பைபிள எப்படிப் பொரட்டணும்னு சொல்லிக் குடுத்ததே நாந்தான். அவளுக்குப் புள்ள வேணும்னு தெனமும் முட்டி போட்டு நான் ஜெபம் பண்ணுனேன், பொய் இல்ல, உண்மையாவே பண்ணுனேன்.

ரெண்டே வருசந்தான். ஞானஸ்நானம் எடுத்தா, பேரக்கூட மாத்தல, முத்துமாரின்னேதான் இருந்தா, அதுல எனக்கு ஒரு எளக்காரம் வேற. ஆனா அவ வாயத் தொறந்து ஜெபம் பண்ணுனா சபையே அழும். படிப்பு இல்ல, அலங்காரமா பேசவும் வராது, "ஆண்டவரே நீங்க பாத்துக்கோங்க, எனக்கு வேற யாரு இருக்கா"ன்னு வீட்டு ஆள்கிட்ட பேசுற மாதிரி பேசுவா. வெள்ளிக்கெழம உபவாச ஜெபத்த பத்து வருசமா நாந்தான் நடத்துனேன். பாஸ்டரம்மா ஒருநாளு சிரிச்ச மொகமா, "எஸ்தர், இன்னைக்கி முத்துமாரி நடத்தட்டுமா"ன்னு கேட்டாக. "அதுக்கென்னம்மா, நடத்தட்டும்"னு சொன்னேன். சொன்ன வாய்க்குள்ள பாகக்கா கசப்பு. அதுக்கப்புறம் எல்லாரும் அவளத்தான் கூப்பிட்டாக, காச்சலா இருந்தா அவ, வீடு பால்காச்சுனா அவ. என்னைய பாய் விரிக்கச் சொன்னாக.

அந்த நாள்லதான் அது பேச ஆரம்பிச்சிது. எப்படிச் சொல்லன்னு தெரியல. மனசுக்குள்ள நாமளே பேசிக்குவோம்ல, அது மாதிரிதான், ஆனா உள்ளருந்து வராது. எடது காதுக்குப் பின்னாடி, ஒரு சாண் தள்ளி, யாரோ நிக்கிற எடத்துலருந்து வரும். கொரல் என் கொரல். மொதல்ல எனக்கு ஞாயமாத்தான் பேசுச்சு. பாத்தியா, நீ கூட்டிட்டு வந்தவ, உன் பாயில உக்காந்திருக்கான்னு. நானும் ஆமான்னு தலையாட்டிக்கிட்டு சக்கரம் சுத்துவேன். எனக்குப் பரிஞ்சி பேச ஒரு ஆள் கெடச்ச மாதிரி இருந்துச்சி, உண்மையச் சொல்லுதேன், அத நான் வெரட்டல. காலைல எந்திரிச்சா அது என்ன சொல்லும்னு காத்துக்கிட்டே இருந்தேன்.

ஒருநாளு அடுப்படியில அரிசி களஞ்சிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல யாருமில்ல, "அவளுக்கு நாப்பது நாளாச்சி"ன்னு சொல்லுச்சி. அம்புட்டுத்தான். எனக்கு கை நின்னு போச்சி. அதுக்கு அடுத்த வாரம் சபையில முத்துமாரி எந்திரிச்சி நின்னு, ஆண்டவரு என் வகுத்தத் தொறந்துட்டாருன்னு சாட்சி சொல்லி அழுறா. அவ புருசனுக்கே அன்னைக்கிக் காலைலதான் சொன்னாளாம். எனக்கு எப்படி முன்னாடியே தெரியும்? நீங்களே சொல்லுங்க.

எல்லாரும் கை தட்டுனாக. நானும் தட்டுனேன். உள்ளுக்குள்ள எரிஞ்ச எரிச்சல சொல்லி மாளாது. நான் முட்டி தேய கேட்டேன், ஆண்டவரு விலாசம் மாத்திக் குடுத்துட்டாருன்னு நெனச்சேன். வேன்ல அவ பக்கத்துல உக்காருறத விட்டேன். அவ மசக்கையில சோத்த வச்சிக்கிட்டு முழிக்கும்போது நான் வேணும்னே அவ முன்னாடி கருவாட்டுப் பொட்டலத்தப் பிரிப்பேன். அவ எந்திரிச்சி ஓடுவா. எனக்கு அதுல ஒரு சந்தோசம். என்னைய நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்குங்க, ஆனா செஞ்சேன்.

தீபாவளி சீசன், லோடு ஏறிக்கிட்டே இருந்துச்சி. ஒருநாளு ராத்திரி நல்ல மழ, மறுநாளு சுள்ளுன்னு வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போயிட்டாக. முத்துமாரி மட்டும் போகல, சோத்து வாசனையே ஆகல, இருக்குற பூச்சட்டிய முடிச்சிருதேன்னு ரூம்லயே இருந்துட்டா. நான் கை கழுவ தொட்டிப் பக்கம் போனேன், அவ ரூமுக்குப் பின்னாடிதான் வழி. அங்கன நடையில முந்தின நாளு மிஞ்சுன மருந்த ஒரு தட்டுல வச்சி சாக்கப் போட்டு மூடியிருந்தாக. மிச்ச மருந்த அன்னன்னைக்கே அழிச்சிறணும், ஆரும் அழிக்கல. ராத்திரி மழ ஒழுகி சாக்கு நனைஞ்சிருந்துச்சி. மூக்க அரிக்கிற மாதிரி ஒரு மூத்திர நாத்தம். சாக்குலருந்து ஆவி பறக்குது.

பட்டாசு வேல பாத்தவகளுக்கு அது என்னன்னு தெரியும். வெள்ள மருந்து நனைஞ்சா உள்ளுக்குள்ள சூடேறும், சூடேறுனா தீப்பெட்டியே தேவையில்ல. நான் வாயத் தொறந்தேன். அப்ப காதுக்குப் பின்னாடி, ரொம்ப மெதுவா, "சும்மா போ. நீ பாக்கல"ன்னு சொல்லுச்சி. நான் நின்னேன். "அவ புள்ள போனா உனக்கு ஒண்ணு வரும்"னு சொல்லுச்சி.

நான் நடந்தேன். ஆமா, திரும்பி நடந்தேன். ஆறு எட்டு வச்சிருப்பேன். இத நான் எங்க பாஸ்டரம்மாகிட்ட சொன்னேன், இப்ப உங்ககிட்ட சொல்லுதேன். பயமே இல்ல, அதுதான் கொடும. அந்த வெயில்ல ஒடம்பெல்லாம் குளுகுளுன்னு ஆகி, நல்லா ஜெபம் பண்ணி எந்திரிச்சா மனசு லேசா இருக்கும்ல, அச்சு அசல் அதே மாதிரி இருந்துச்சி. நாக்கு மட்டும் மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சி. இயேசுவேன்னு சொல்லிப் பாக்குதேன், சத்தம் வரல. சொல்லணும்னு ஆசையும் பாதிதான் இருந்துச்சி.

அந்நேரம் ரூமுக்குள்ளருந்து முத்துமாரி சத்தம் கேட்டுச்சி. அவ வேல பாத்துக்கிட்டே வாய்க்குள்ள ஜெபம் பண்ணுவா, அவ பழக்கம் அது. "ஆண்டவரே, எங்க எஸ்தரக்காவுக்கு ஒரு புள்ளயக் குடுங்க. எம்மேல என்ன கோவம்னு தெரியல, இத்தன நாளு பேசாமயே இருந்தாக. அவுகளுக்குக் குடுக்காம எனக்குக் குடுத்தது எனக்கே கூச்சமா இருக்கு, சீக்கிரம் குடுத்துருங்க." இம்புட்டுத்தான் கேட்டுச்சி.

அந்தக் குளுமை அப்படியே அந்துபோச்சி. கழுத்துல சுட்ட மாதிரி இருந்துச்சி. வாயிலருந்து "ஏ... ஏ..."ன்னு மாடு கத்துற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சி, அப்புறம் "இயேசுவே"ன்னு வந்துச்சி, "முத்துமாரி வெளிய வா புள்ள, வெளிய வா"ன்னு கத்திக்கிட்டே ஓடி, அவ கையப் புடிச்சி இழுத்து, வேலிப்பக்கம் இருந்த மண்மேட்டுக்குப் பின்னாடி அவளத் தள்ளி நான் மேல விழுந்தேன். எண்ணி அஞ்சு மூச்சு விட்டிருப்போம். ரூம் போச்சி. கூரை எங்க விழுந்துச்சின்னு சாயங்காலந்தான் தேடிக் கண்டுபிடிச்சாக. எல்லாரும் சாப்பாட்டுல இருந்ததால ஒரு உசுரும் போகல. எனக்குக் கையில காயம், அவளுக்கு மொழங்கால் சிராய்ப்பு. வகுத்துப்புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னாக.

கம்பெனியில என்னைய தெய்வம் மாதிரி பாத்தாக. எனக்கு அது தாங்கல. மூணாம் நாளு பாஸ்டரம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டுனேன். அவுக திட்டுவாகன்னு பாத்தா, "பிசாசு பயமுறுத்திக்கிட்டு வந்தா நம்மளே வெரட்டிருவோம் எஸ்தர். நமக்குப் பரிஞ்சிக்கிட்டு வருது பாரு, அப்பத்தான் நாற்காலி போட்டு உக்கார வச்சிருதோம்"னு சொன்னாக. "போயி முத்துமாரிகிட்டயே சொல்லு. சொல்லாம வச்சிருந்தா பிசாசுக்கு அதுதான் வீடு"ன்னாக.

போனேன். முத்துமாரி கட்டில்ல உக்காந்திருந்தா, அவ மாமியா எனக்குக் காப்பி போட உள்ள போயிருந்துச்சி. நான் தரையில உக்காந்து, கருவாட்டுலருந்து அந்த ஆறு எட்டு வரைக்கும் சொன்னேன். அவ அழல, கோவப்படல. என்னையவே உத்துப் பாத்தா.

"அக்கா, நீங்க எத்தன தடவ வந்தீக?"

"எங்க?"

"என் ரூமுக்கு. அன்னைக்கி."

"ஒருதடவதான புள்ள, கத்திக்கிட்டு வந்தேன்ல."

"இல்லக்கா. அதுக்கு முன்னாடி ஒருதடவ வந்தீக. எனக்கும் என்னமோ நாத்தமா இருக்கேன்னு நான் எந்திரிக்கப் போனேன். நீங்க முன்வாசல்ல நின்னுக்கிட்டு, 'ஒண்ணுமில்ல, உக்காரு, முடிச்சிட்டு வா'ன்னு சொன்னீக. இதே பச்சச் சேலதான். ரொம்ப நாளைக்கி அப்புறம் நீங்க எங்கிட்ட சிரிச்சிப் பேசுறீகன்னு எனக்குச் சந்தோசமாப் போயி, அதுக்கப்புறந்தான் உங்களுக்காக ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன்."

நான் பின்பக்கம் இருந்தேன், முன்வாசலுக்குப் போகவே இல்ல. சாமி சத்தியமா போகல.

அவ கொரலத் தாழ்த்திக்கிட்டு சொன்னா, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்க்கா. கம்பெனிக்குள்ள கைப்புள்ளய விடமாட்டாகளே. உங்க இடுப்புல இருந்துச்சே, அது யாரு வீட்டுப் புள்ள?"

அதுக்கப்புறம் அந்தக் கொரல் வரல. முத்துமாரிக்குப் பொம்பளப்புள்ள பொறந்துச்சி, இப்ப ஸ்கூலுக்குப் போகுது, என்னைய பெரியம்மான்னுதான் கூப்பிடும். எனக்குப் பொறக்கல, இனிமே பொறக்கவும் பொறக்காது. தெனமும் காலைல அவ பேரையும் அவ மக பேரையும் சத்தம் போட்டுச் சொல்லி ஜெபம் பண்ணிட்டுத்தான் அடுப்பப் பத்த வைக்கேன், அது எனக்கு மருந்து மாதிரி, ஒருநாளு விட்டாலும் சரியா வராது.

ஆனா ஒண்ணு. அந்த இடுப்புல இருந்த புள்ள ஆணா பொண்ணா, யாரு சாயல்ல இருந்துச்சின்னு முத்துமாரிக்குத் தெரியும். அவ பாத்திருக்கா. அவளப் பாக்கும்போதெல்லாம் அதக் கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருது. இன்னைக்கி வரைக்கும் கேக்கல. கேட்டு, அவ சொல்லி, அந்த மொகம் எனக்குத் தெரிஞ்சிருச்சின்னா, அடுத்ததடவ அந்தக் கொரல் வந்து இந்தப் புள்ள வேணுமான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல.