தடவிப் பார்க்க வேண்டாம்

தொமிசாவாவுக்கு ஒரே ஒரு ஆசை. தன் கையால் முட்டை பொரித்துச் சூடாகத் தின்ன வேண்டும். எங்கள் மனநல மருத்துவமனையில் நோயாளிகள் அடுப்பைத் தொடக் கூடாது. முப்பத்தொரு வருடமாக அவர் தின்றதெல்லாம் ஆறிப்போன முட்டைதான். அப்போதுதான் தபால் நிலையத்துக்குப் பின்னால், குணமாகி வெளியே போகிறவர்கள் தங்கும் விடுதி வீட்டில் அடுப்போடு ஓர் அறை காலியானது. யாரை அனுப்பலாம் என்று பார்க்க, இளம் டாக்டர் செனோ ஒரு சோதனையைக் கொண்டுவந்தார்.

மனச்சிதைவு நோயாளிகளின் நினைவையும் கவனத்தையும் கைவேகத்தையும் அரை மணி நேரத்தில் அளக்கும் வெளிநாட்டுச் சோதனை அது. அதை எங்கள் ஆட்களுக்குப் பொருத்தமாக மாற்ற என்னையும் உட்கார வைத்தார். நான் நோயாளிகளுக்கு மருத்துவமனைப் பட்டறையில் வேலை பழக்குகிறவள்; மரியாதையாக 'குசாகா சான்' என்று கூப்பிடுவார்கள்.

கேட்டு நினைவில் வைத்துச் சொல்ல வேண்டிய சொற்பட்டியலுக்காக அவரோடு மல்லுக்கு நின்றேன். "முப்பது வருஷமா உள்ளேயே கிடக்கிறவங்ககிட்ட 'செல்போன்'னு சொன்னா மனசுல நிக்குமா டாக்டர்? 'முள்ளங்கி'ன்னு போடுங்க."

போட்டார். அடுத்தது பிளாஸ்டிக் வில்லைகள். மேஜையில் நூறு கிடக்கும். கைக்கு ஒன்றாக எடுத்து, ஒரு நிமிடத்தில் முடிந்தவரை பெட்டியில் போட வேண்டும்.

"இதுல மாத்த என்ன இருக்கு, குசாகா சான்? கை எல்லா நாட்டுலயும் கைதானே?"

நானும் தலையாட்டினேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

எங்கள் பட்டறையில், சாப்பாட்டுக் கடைகளில் உணவை எடுத்து உண்ணும் மரக் குச்சிகளைக் காகித உறையில் போடுவார்கள். இருபது வருடத்துக்கு முன்பு ஒரு குச்சியின் சிராய் யாரோ ஒருவரின் உதட்டைக் கிழித்து, தொமிசாவா நிரப்பிய அந்தப் பெட்டியே திரும்பி வந்தது. எல்லோர் முன்னாலும் நான் தொமிசாவாவைக் கிழிகிழியென்று கிழித்தேன். அதன்பிறகு கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் ஒரு குச்சியைக்கூட அவர் உறையில் போட்டதில்லை.

சோதனையை நான்தான் நடத்தினேன்; நான் வாசித்த சொற்களை அவர் கடகடவென்று ஒப்பித்தார். முள்ளங்கியைச் சொல்லும்போது சிரிக்கவும் செய்தார். பிறகு வில்லைகள் வந்தன. ஒன்றை எடுத்து இருபக்கமும் தடவி, விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பெட்டியில் வைத்தார். அடுத்ததையும் அப்படியே. கடிகாரம் ஓடும்போது சோதிப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. 'சீக்கிரம், மனுஷா!' என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மணி அடித்தபோது பெட்டியில் பதினான்கு இருந்தன. அவர் எழுந்து குனிந்து வணங்கினார்.

"மூணு மோசமா இருந்துச்சு. தனியா வெச்சிருக்கேன், குசாகா சான்."

அறை வேறொருவருக்குப் போனது.

டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். "அவரு மந்தமில்ல. அது நான் பழக்கின கை!" டாக்டர் விதிமுறையில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'தடவிப் பார்க்க வேண்டாம், உடைந்ததையும் போடலாம்.' முன்பயிற்சி ஒரு சுற்றும் வைத்தார். ஏழு மாதம் கழித்துத் தொமிசாவாவை மறுபடி உட்காரவைத்தோம். எழுபத்திரண்டு போட்டார்!

"அப்போ எனக்கு ரூம்?" என்று கேட்டார்.

"இப்ப காலி இல்லயே."

"எப்போ ஆகும்?"

பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்: "அங்க யாராவது செத்தாத்தான், இல்ல?" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அன்று பிற்பகல் வழக்கம்போலப் பட்டறைக்கு வந்தார். ஒரு குச்சியை எடுத்தார். கட்டைவிரல் அதன்மேல் போய், அந்தரத்தில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையும் தடவிப் பார்க்க வேண்டாமா, குசாகா சான்?"

"பாருங்க," என்றேன். "மெதுவாவே பாருங்க."