நாற்பதுக்கு முப்பது

முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும், பின்னால் இருமுவது எந்த பெட் என்று சொல்லத் தெரிந்தால்தான் அவள் நர்ஸ். பதினோரு வருஷமாக அப்படிப் பழகின காது எனக்கு. அதே காதில் இயர்போனை மாட்டி, ஒரு வெள்ளைக்காரர் லைப்ரரியில் சேர என்னென்ன கேட்டார் என்று எழுதச் சொன்னால் ஒன்றும் ஏறவில்லை. இங்கிலீஷ் பரீட்சை எழுதி நொந்துபோனவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி எனக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. ஒரே நிபந்தனை, இந்தப் பரீட்சையில் தேற வேண்டும். பேசுவதும் எழுதுவதும் எப்படியோ ஒப்பேறிவிடும். கேட்டு எழுதுவது, படித்து விடை சொல்வது, இந்த இரண்டிலும் நாற்பதுக்கு முப்பதாவது சரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் கேட்கிற ஏழு பாயிண்ட் வரும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் வழுக்கியாயிற்று. மூன்றாவது தடவையும் போனால் அந்த இடம் வேறொருத்திக்கு.

எங்கள் வீட்டுக்காரர் சேகர் கேப் ஓட்டினவர். முதுகில் டிஸ்க் நகர்ந்து, அரை மணிக்கு மேல் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் பொம்மனஹள்ளி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளை குட்டி இல்லை. என் ஒரு சம்பளத்தில் எத்தனை நாள் இழுக்க முடியும்? நான் முதலில் போவது, அவர் பின்னால் வருவது என்று பேச்சு. பின்னால் என்றால் எப்போது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஏசி

பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை இருக்கும். என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும், சும்மா இருக்காது. அதனால் நானே அந்தப் பக்கங்களைக் கிழித்து அவரிடம் கொடுத்து, "இனிமே நீங்கதான் வாத்தியார், திருத்தி மார்க் மட்டும் சொல்லுங்க" என்றேன். மனுஷன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு எழுதினேன்.

கேஸ் ஷீட் எழுதி எழுதி என் எழுத்தே குட்டையாகிவிட்டது. 'பேஷன்ட்' என்று முழுசாக எழுத வேண்டிய இடத்தில் இரண்டே எழுத்துப் போட்டிருக்கிறேன். முழங்காலுக்கு முன்னால் வர வேண்டிய 'ரைட்' வெறும் 'ஆர்.டி.' ஆகிவிட்டது. ஒரு இடத்தில் மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேள்வி. சாப்பாட்டுக்கு முன்னால் என்று ஒலிப்பதிவில் ஒரு அம்மாள் தெளிவாகத்தான் சொன்னாள், எனக்கும் தெளிவாகத்தான் கேட்டது. வார்டில் நாங்கள் அதற்கு எழுதுவது 'ஏசி'. அதையே எழுதி வைத்திருக்கிறேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வசந்தி, இதுல ஏசியப் பத்தி யாருமே பேசலையே. வண்டியே வரலையேம்மா இதுல."

நீங்கதான் விடலை

இந்தப் பரீட்சைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். "செவ்வாய்க்கிழமை வாங்க" என்பார்கள். நாம் செவ்வாய் என்று எழுதி முடிப்பதற்குள், "ஐயோ, மன்னிக்கணும், செவ்வாய் விடுமுறை, வியாழன் வாங்க" என்பார்கள். அதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஒரே தாளில் இப்படி ஐந்து இடத்தில் ஏமாந்தேன். பாதி வாக்கியத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிடுகிற மாதிரி ஒரு திமிர்.

அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று அந்த வாரமே தெரிந்தது. ஒன்பதாம் பெட்டில் ஒரு ரிடையர்டு பேங்க்காரர், கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "சிஸ்டர், சொல்ப..." என்று ஆரம்பித்தார். சொல்ப என்றால் கொஞ்சம். கொஞ்சம் தண்ணீர்தானே என்று டம்ளரை நீட்டினேன். மறுபடி, "இல்லை சிஸ்டர், சொல்ப..." என்றார். தலைப்பக்கம் உயர்த்தினேன். மூன்றாவது தடவை திரையை இழுத்துவிட்டேன். கடைசியில் அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். ட்ரிப் ஊசி குத்தின இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. மருந்து நரம்பில் போகாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ட்ரிப்பை நிறுத்தி, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"நான் சொல்ல வந்ததே இதைத்தான் சிஸ்டர். நீங்கதான் விடலை."

எழுதாதது

ஞாயிற்றுக்கிழமைகளில் மடிவாளா பக்கம் ஒரு மாடி அறையில் வகுப்பு. பாடம் எடுக்கிற சார் வாரநாட்களில் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். படிக்கிற தாளில் ஒரு கேள்வி வகை உண்டு, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் கொடுத்து, கட்டுரைப்படி அது சரியா, தவறா, அல்லது 'சொல்லப்படவில்லை'யா என்று கேட்பார்கள். இந்த மூன்றாவதுதான் என்னைக் கொன்றது. இரண்டு தடவையும் என்னைக் கவிழ்த்தது இதேதான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

கட்டுரை, வயதானவர்களை நடக்கவைக்கிற ஒரு கிளினிக்கைப் பற்றி. வாக்கியம், 'நர்ஸுகள் தினமும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள்.' கட்டுரையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் 'தவறு' என்று போட்டேன். சார் 'சொல்லப்படவில்லை' என்றார். எனக்குச் சுருக்கென்றது. "சார், எங்க வேலையில எழுதலைன்னா செய்யலைன்னுதான் அர்த்தம். பிபி பார்த்துட்டு எழுதாம விட்டா, நாளைக்கு விசாரணையில நிக்கறது நாங்க. எழுதலை, அதனால செய்யலை, அதனால தவறு" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாதாடினேன். முதல் வருஷம் படிக்கும்போது மண்டையில் ஏற்றின பாடம், அதை எப்படி விட்டுக்கொடுப்பது? பின் வரிசையில் இருந்த இரண்டு நர்ஸுகளும் என் பக்கம்தான் தலையாட்டினார்கள். சார் மார்க்கர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"சரி மேடம், எழுதாம விட்டவங்க செஞ்சும் இருக்கலாம் இல்லையா?"

இருபத்தாறு

அதற்குப் பிறகு எனக்குள் என்னவோ திறந்துகொண்டது என்றுதான் நினைத்தேன். வார்த்தைகளை முழுசாக எழுதினேன். பேசுகிறவர் வாயை மூடுகிறவரை பேனாவைத் தாளில் வைக்கவில்லை. சொல்லப்படாததைச் சொல்லப்படாததாகவே விட்டேன். காலை ஷிப்டுக்கு முன்னால் ஒரு தாள், வந்து குளித்ததும் ஒரு தாள். குறைந்தது முப்பத்திரண்டு வரும் என்று மனக்கணக்குப் போட்டுத் தாளை நீட்டினால், அவர் திருத்திவிட்டு "இருபத்தாறு" என்பார். அடுத்தது இருபத்தைந்து. அதற்கடுத்தது இருபத்து நாலு.

அது எப்படிங்க? படிக்கப் படிக்கவா குறையும்? "இது ஏங்க தப்பு?" என்று சிவப்புப் பேனா போட்ட இடத்தைக் காட்டினால், "விடையில அப்படித்தான் போட்டிருக்கு" என்பார். நான் திரும்பப் போய் அந்தப் பத்தியை வரி வரியாக, வார்த்தை வார்த்தையாகப் பிய்த்துப் பார்ப்பேன். எங்கே தப்பு என்று கண்டே பிடிக்க முடியாது. எனக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது இருபத்து மூன்று வந்தது. தாளை அப்படியே கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"விட்டுடணும்னா விட்டுடு வசந்தி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூன்று தடவை

மார்க் குறைந்தது வீட்டோடு நிற்கவில்லை. வார்டுக்கும் கூடவே வந்தது. ஒரு மத்தியானம் டாக்டர் போனில் இன்சுலின் அளவு சொன்னார். பதினைந்தும் ஐம்பதும் இங்கிலீஷில் எவ்வளவு ஒரே மாதிரியாகக் காதில் விழும் என்று உங்களுக்குத் தெரியும். பதினைந்து என்றுதான் கேட்டது. வழக்கம்போல ஒண்ணு, அஞ்சு என்று இலக்கம் பிரித்துத் திருப்பிச் சொன்னேன். ஆமாம் என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாற்பதில் பதினேழைத் தப்பாகக் கேட்கிற காதாயிற்றே இது, எப்படி நம்புவது? மறுபடி கேட்டேன். இன்னொரு தடவையும் கேட்டேன். டாக்டர் திட்டிவிட்டுப் போனைப் பட்டென்று வைத்தார்.

போய்த் துணி வைக்கிற அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பரீட்சை போனால் போகட்டும், தெரிந்த வேலையும் கைவிட்டுப் போகிறதே என்றுதான் பயம். எங்கள் இன்சார்ஜ் கலா சிஸ்டர் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழில் 'சும்மா' என்பது கன்னடத்து 'சும்னே' ஆகிவிடும், 'விடு' என்பது 'பிடு' ஆகிவிடும். அழுகிறவர்களை ஆறுதல்படுத்துகிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

"சும்னே அழாதே. டாக்டர் திட்டினா திட்டட்டும் பிடு. ஐம்பது போட்டுட்டு அழறதுக்குப் பதிலா பதினஞ்சு போட்டுட்டு அழு."

வால்யூம்

பரீட்சை வைட்ஃபீல்டில். ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று விடிவதற்கு முன்பே கிளம்பினேன். அவர் பஸ் ஸ்டாப் வரை வந்தார். பஸ் வந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் ஏறிவிட்டேன்.

உள்ளே கம்ப்யூட்டருக்கு ஒருத்தராக உட்காரவைத்து, ஹெட்போனைக் கொடுத்து, எல்லோருக்கும் சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று சரிபார்த்தார்கள். படிக்கிற தாளில் அந்த மூன்றுவித கேள்வி வந்தபோது ஒவ்வொன்றுக்கும் பத்தியை மூன்று தடவை துருவினேன். அந்த எட்டு நாளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன், கை தானாகப் போனது. ஆனால் தேறுவேன் என்று கொஞ்சமும் நினைக்கவில்லை. இருபத்து மூன்று, இருபத்து மூன்று என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டில் சேலத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். சத்தத்தைச் சரிபார்க்கும்போதே என் பக்கம் சாய்ந்து சொன்னான்:

"அக்கா, வால்யூமெல்லாம் கரெக்டா இருக்கு. என் நெஞ்சு அடிக்கிறதுதான் அதைவிட ஜாஸ்தியா கேக்குது."

எட்டு

முடிவு வந்த அன்று காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் ஒரு தடவை அதிர்ந்தது. கேட்டு எழுதியது ஏழரை. படித்து விடை சொன்னது எட்டு. வேறு யாருடையதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். பேரைப் பார்த்தேன், பிறந்த தேதியைப் பார்த்தேன், என் போட்டோவையும் பார்த்தேன். "ஏங்க, எட்டு வந்திருக்கு. வீட்ல ஒரு நாள்கூட முப்பது வராதவளுக்கு எப்படிங்க எட்டு?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் கிழித்த விடைப் பக்கங்களை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொரு பேப்பர்லயும் ஏழெட்டு சரியானதைத் தப்புன்னு போட்டேன்" என்றார். நான் பழைய தாள்களை எடுத்து ஒப்பிட்டேன். அந்த இருபத்து மூன்று, உண்மையில் முப்பத்தொன்று. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? துணி அறையில் நான் அழுத அழுகை, டாக்டரிடம் கேட்ட பேச்சு, என் காதையே நான் நம்பாமல் போன நாட்கள், எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். பாவி மனுஷன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பயந்து நீயே விட்டுவிடுவாய் என்று நினைத்தேன், நீ என்னடாவென்றால் அந்தத் தப்பைத் தேடித் தேடியே படித்துவிட்டாய் என்றார். "போக வேண்டாம்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"சொன்னா நீ நிஜமாவே போகாம இருந்துடுவ வசந்தி. அப்புறம் உன்னைத் தடுத்தது நான்னு ஆயிடும் இல்ல?"

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு: விடைத்தாளை யாரிடம் வேண்டுமானாலும் திருத்தக் கொடுங்கள், நீங்கள் இல்லாமல் இருக்க முடியாதவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.